வெயிலா, பாரமா? ஒளியிழையைக் கேட்டால் என்ன சொல்லும்

புதுச்சேரி வம்பாகீரப்பாளையத்தில் கடலுக்குள் நீண்டிருந்த துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தபோது, எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் அந்த வாரம் முழுக்க அதே பேச்சுதான். இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "சார், ஃபைபர் சென்சார் பத்தி எப்பவும் சொல்வீங்களே, அதுல ஒண்ண ஒட்டி வச்சிருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா?" தெரிந்திருக்கலாம் என்று மட்டும் அப்போது சொன்னேன். முழுப் பதில் கொஞ்சம் நீளம். ஏழு கோர், அதாவது ஒளி போகும் ஏழு பாதைகள், உள்ள ஃபைபர், உள்ளே துளைகள் ஓடும் ஃபைபர் என்று நான் பல வருடமாகப் படித்துக்கொண்டிருக்கும் விஷயங்கள் எல்லாமே அந்தப் பதிலுக்குள் வந்துவிடுகின்றன, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழைக்கு உணர்வு போதாது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. இழுத்தால் தெரியும், சூடானால் தெரியும், வளைத்தால், அழுத்தினால், முறுக்கினால், பக்கத்தில் யாராவது நடந்தால்கூடத் தெரியும். எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே எண்ணாக வந்து நிற்கும், அங்கேதான் சிக்கல். அந்த எண்ணில் எவ்வளவு வெயில், எவ்வளவு பாரம் என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் அந்த சென்சாரை வைத்து யாரும் ஒரு முடிவும் எடுக்க முடியாது. இந்தத் துறையில் கடந்த முப்பது வருடங்களில் நடந்த நல்ல வேலைகளில் பெரும்பகுதி இந்தப் பிரித்தறிதலுக்காக நடந்தவை என்பது என் எண்ணம்.

வழக்கமான ஃபைபரில் இருந்து ஆரம்பிப்போம். உங்கள் வீட்டு இணைய இணைப்புக்கு வரும் இழையின் கண்ணாடி 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன், அதன் நடுவில் ஒளி போகும் கோர் 8, 9 மைக்ரான். அந்தக் கோருக்குள் புற ஊதா ஒளியால் ஒளிவிலகல் எண்ணைச் சீரான இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதினால் அது பிராக் கீற்றணி. ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்றதை எல்லாம் விட்டுவிடும். 1978-இல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழுவினர் இதை முதலில் கண்டார்கள், 1989-இல் மெல்ட்ஸ் குழுவினர் பக்கவாட்டில் இருந்து எழுதும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் இது கைக்கு வசப்பட்டது. ஃபைபரை இழுத்தால் கீற்றுகளின் இடைவெளி நீள்கிறது, திரும்பி வரும் அலைநீளம் நகர்கிறது. 1550 நானோமீட்டர் பக்கம், ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு, அதாவது ஒரு மீட்டர் நீளம் ஒரு மைக்ரான் நீள்வதற்கு, சுமார் 1.2 பிக்கோமீட்டர் (நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்) நகரும். ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 10 பிக்கோமீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் கடலூர் மே மாதத்தில் வைத்துப் பாருங்கள். காலை 28 டிகிரி, மதியம் 38. பத்து டிகிரி ஏறினால் 100 பிக்கோமீட்டர். பாரமே இல்லாமல், வெறும் வெயிலால், இந்தக் கீற்றணி எண்பது மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல் காட்டும். கான்கிரீட் இழுவிசையில் விரிசல் விட ஆரம்பிப்பது ஏறக்குறைய 100 மைக்ரோஸ்ட்ரெயினில்! கான்கிரீட்டோடு ஒட்டி வைத்திருந்தால் கான்கிரீட் தானே விரிவதும் இதோடு சேர்ந்துகொள்ளும், அப்போது இன்னும் மோசம். மதியம் பன்னிரண்டு மணிக்குத் தினமும் "பாலம் உடையப்போகிறது" என்று சொல்லும் சென்சாரை எந்தப் பொறியாளரும் ஒரு வாரத்துக்கு மேல் மதிக்க மாட்டார்.

இதற்கு வழக்கமான தீர்வு, பக்கத்திலேயே இன்னொரு கீற்றணியை எதிலும் ஒட்டாமல் தளர்வாக ஒரு குழாய்க்குள் விடுவது. அதற்கு வெயில் மட்டும் தெரியும், பாரம் தெரியாது, ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழித்துவிடலாம். உலகம் முழுக்க இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, நானும் இதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கழித்தல் சரியாக வர இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பாதி உத்திரத்தில் நிழல் விழுந்தால், குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால், அந்தக் கணக்கு அப்படியே சாய்ந்துவிடும்.

இங்கேதான் மல்டிகோர் ஃபைபர் உள்ளே வருகிறது. அதே 125 மைக்ரான் கண்ணாடிக்குள் ஒரு கோருக்குப் பதில் ஏழு, நடுவில் ஒன்று, சுற்றி அறுகோணமாக ஆறு, நடுக்கோருக்கும் ஓரக்கோருக்கும் இடையே சுமார் 35 மைக்ரான். தொலைத்தொடர்புக்காகத்தான் பலரும் இதைத் துரத்தினார்கள், ஒரு இழையில் ஏழு மடங்கு டேட்டா அனுப்பலாம் என்று. சென்சார்காரர்களுக்கு இதில் கிடைத்தது வேறு. ஏழு கோரும் முடியின் தடிமனுக்குள் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே சூடு. ஃபைபர் வளையும்போதோ வெளிப்பக்கக் கோர் நீள்கிறது, உள்பக்கக் கோர் சுருங்குகிறது, நடுக்கோர் அப்படியே இருக்கிறது. ஓரக்கோரின் அளவில் இருந்து நடுக்கோரின் அளவைக் கழித்தால் வெயில் போய்விடும், வளைவு மட்டும் மிஞ்சும். எந்தக் கோர் அதிகமாக நீண்டது என்று பார்த்தால் எந்தத் திசையில் வளைந்தது என்பதும் தெரிந்துவிடும். இதை முதன்முதலில் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை, தளர்வாகத் தனியே இன்னொரு சென்சார் வைக்காமல் கண்ணாடியின் வடிவமே கழித்தலைச் செய்து தருகிறது.

கணக்கு எளிது. ஓரக்கோர் நடுவில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதை வளைவின் ஆரத்தால் வகுத்தால் திரிபு, அதாவது கோர் நீளும் விகிதம். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் 350 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது 420 பிக்கோமீட்டர், கண்ணை மூடிக்கொண்டு அளக்கலாம். ஒரு மீட்டர் ஆரம் என்றால் 42 பிக்கோமீட்டர், அதுவும் சுலபம்.

சரி, அப்படியென்றால் துறைமுகப் பாலத்தில் ஏழு கோர் ஃபைபரை ஒட்டிவிடலாமே? கூடாது. இந்த ஃபைபரைப் பற்றிப் பேசும் உற்சாகத்தில் பலர் தாண்டிப்போகும் இடம் இது, அதனால் நின்று சொல்கிறேன். ஒரு மீட்டர் உயரமுள்ள உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் விளிம்பு நடுக்கோட்டில் இருந்து அரை மீட்டர். விரிசல் விடும் 100 மைக்ரோஸ்ட்ரெயினை அந்த விளிம்பு எட்டும்போதுகூட உத்திரத்தின் வளைவு ஆரம் 5 கிலோமீட்டர். 5 கிலோமீட்டர் ஆரத்தில் 35 மைக்ரான் தள்ளி இருக்கும் கோருக்குக் கிடைப்பது 0.007 மைக்ரோஸ்ட்ரெயின், ஒரு பிக்கோமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பாலமே உடைந்துகொண்டிருக்கும்போது இந்தக் கழித்தல் சுழியம் காட்டும்! சாதாரண ஒற்றைக்கோர் ஃபைபர் இரண்டை உத்திரத்தின் மேலும் கீழும் ஒட்டினால் அதே வேலை நன்றாக நடக்கும், ஏனென்றால் அப்போது இரண்டு கோர்களுக்கும் நடுவே உள்ள தூரம் 35 மைக்ரானுக்குப் பதில் ஒரு மீட்டர்.

மல்டிகோருக்கு உரிய இடம் கையளவு ஆரத்தில் வளையும் பொருள்கள். மனித உடம்புக்குள் போகும் குழாய்தான் அதில் தலையாயது. இதயத்துக்கோ நுரையீரலுக்கோ ஒரு மெல்லிய குழாயை அனுப்பும்போது அது உள்ளே எப்படி வளைந்திருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரேயை ஓடவிட்டபடி பார்ப்பதுதான் வழக்கம், நோயாளிக்கும் கதிர்வீச்சு, தினமும் அங்கே நிற்கும் மருத்துவருக்கும் கதிர்வீச்சு. குழாய்க்குள் ஒரு மல்டிகோர் ஃபைபரை விட்டால், நீளம் முழுக்க ஒவ்வொரு புள்ளியிலும் வளைவின் அளவும் திசையும் கிடைக்கும், ஒரு முனையில் இருந்து அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் குழாயின் முழு முப்பரிமாண வடிவம் திரையில் வந்துவிடும். நாசாவின் லாங்லி மையத்தில் பல வருடம் வளர்ந்த வேலை இது. நுரையீரலுக்குள் போய் திசு எடுக்கும் அயான் என்ற ரோபோ இப்படி வடிவம் உணரும் ஃபைபரோடு வருகிறது, அமெரிக்காவில் 2019-இல் அனுமதி கிடைத்தது, அதன் குழாய் 3.5 மில்லிமீட்டர். ஜிப்மர் வாசலில் விடியற்காலையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த மாதிரி ஒரு கருவி விலை குறைந்து நம் அரசு மருத்துவமனைகளுக்கு வர வேண்டும் என்று நான் ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது புரியும்.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கூட்டிக்கொண்டே போகும்போது பிழையும் கூடிக்கொண்டே போகும், நுனிக்குப் போகப் போகச் சந்தேகம் வளரும். முறுக்கு இன்னொரு தலைவலி. கோர்கள் நேராக ஓடினால், ஃபைபரைக் கொஞ்சம் முறுக்கினாலும் அவற்றின் நீளம் மாறுவதே இல்லை, ஆனால் "மேலே" இருந்த கோர் "பக்கத்துக்கு" வந்துவிட்டதால் திசைக் கணக்கு தப்பாகிவிடும். இதற்கு ஒரு அழகான வழி கண்டுபிடித்தார்கள், ஃபைபரை இழுக்கும்போதே சுழற்றி, ஓரக்கோர்களை நடுக்கோரைச் சுற்றும் திருகுப் பாதையாக்கிவிடுவது. அப்புறம் ஒரு பக்கம் முறுக்கினால் ஓரக்கோர்கள் எல்லாம் சேர்ந்து நீளும், மறுபக்கம் முறுக்கினால் எல்லாம் சேர்ந்து சுருங்கும். வளைவில் சில நீளும், சில சுருங்கும். இரண்டையும் கலக்காமல் பிரிக்கலாம்.

கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், ஃபைபரை நேராக இழுத்தாலும் ஏழு கோரும் ஒரே அளவு நீளும், சூடானாலும் ஏழும் ஒரே அளவு நகரும். அதனால் கோர்களுக்குள் கழித்தால் வெயிலோடு சேர்ந்து இழுவையும் போய்விடும். மல்டிகோர் வந்தால் வெயில், பாரக் குழப்பம் தீர்ந்தது என்று எங்காவது படித்தால் எந்தப் பாரம் என்று கேளுங்கள். இழுவையையும் சூட்டையும் பிரிக்க, கோர்கள் ஒன்றுக்கொன்று வேறு கலவைக் கண்ணாடியாக இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு கோரிலும் வேறு வேறு இயற்பியலை ஓட்ட வேண்டும். இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கோரில் ராமன் சிதறல் (சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வருவது), நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன் 1928-இல் கண்டது, அதில் திரும்பி வரும் இரண்டு நிறங்களின் விகிதத்தை வைத்துச் சூட்டை மட்டும் கணக்கிடலாம், இழுவை அதில் தலையிடாது. பக்கத்துக் கோரில் பிரில்லுவான் சிதறல் என்ற இன்னொரு வகை, அதில் திரும்பி வரும் ஒளியின் அதிர்வெண் ஒரு டிகிரிக்குச் சுமார் 1 மெகாஹெர்ட்ஸும் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்குச் சுமார் 0.05 மெகாஹெர்ட்ஸும் நகரும். முதல் கோர் சொன்ன சூட்டை இரண்டாவதில் இருந்து கழித்தால் மிஞ்சுவது இழுவை. இப்படி ஒரே மல்டிகோர் ஃபைபரில் செய்து காட்டியும் இருக்கிறார்கள். கீற்றணி எழுத வேண்டாம், கிலோமீட்டர் கணக்கில் ஓட்டலாம், ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு விடை கிடைக்கும். உத்திரத்தின் மேலும் கீழும் ஒட்ட வேண்டியது என்னைக் கேட்டால் இந்தக் கேபிளைத்தான்.

கோர்களை மிக நெருக்கமாக வைத்து ஒளி ஒன்றில் இருந்து மற்றொன்றுக்குத் தாவும்படி செய்யும் வகை ஒன்றும் உண்டு. அதில் சில சென்டிமீட்டர் துண்டைச் சாதாரண ஃபைபர் இரண்டுக்கு நடுவில் ஒட்டினாலே போதும், நிறமாலையில் ஒரு பள்ளம் வரும், அது சூட்டுக்கு நகரும். சாதாரணக் கீற்றணி பல நூறு டிகிரியில் அழிந்துபோகும் இடத்தில் இதை 1000 டிகிரி வரை சோதித்திருக்கிறார்கள். உலைக்காரர்கள் கவனிக்க வேண்டியது.

நடைமுறைப் பக்கம் ஒரு வார்த்தை. கடலூரில் ஓஎஃப்சி, அதாவது ஒளியிழைக் கேபிள், ஜாயின்ட் போடும் அண்ணன் ஒருவர் பழக்கம், தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு இந்த மாவட்டத்துக் கேபிள்களை ராப்பகலாகச் சேர்த்தவர்களில் ஒருவர். ஏழு கோர் ஃபைபரின் முகத்தை நுண்ணோக்கியில் காட்டினேன். "தம்பி, ஒண்ணு நேரா வர்றதுக்கே கிளீவ் பளிச்சுனு இருக்கணும், இதுல ஏழும் ஒண்ணுக்கொண்ணு நேரா நிக்கணும்னா திருப்பித் திருப்பில்ல பாக்கணும்?" என்றார், பார்த்த உடனே. அதேதான் (கிளீவ் என்பது இழையைக் குறுக்கே வெட்டுவது). ஃபைபர்களை உருக்கி ஒட்டும் சாதாரண ஸ்ப்ளைசர் போதாது, முகத்தைப் பார்த்து ஃபைபரைச் சுழற்றிப் பொருத்தும் ஸ்ப்ளைசர் வேண்டும், அதற்கு அப்புறம் ஏழு கோரையும் ஏழு தனி ஃபைபராகப் பிரித்துத் தரும் விசிறிக் கருவி ஒன்று வேண்டும். செலவு முழுக்க இங்கேதான் நிற்கிறது.

இனி துளைகள். ஃபைபரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் தாமரைத் தண்டை வெட்டிய மாதிரி துளைகள் தெரியும் வகை இது, துளைகள் முனையில் இருந்து முனை வரை ஓடும், ஒவ்வொன்றும் சில மைக்ரான்தான். இயற்பியலாளர் ஃபிலிப் ரஸ்ஸல் இந்த எண்ணத்தை 1991-இல் பேச ஆரம்பித்தார், 1996-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இருந்து முதல் ஃபைபரைப் பற்றிய கட்டுரை வந்தது, 1999-இல் நடுவில் வெறும் காற்றே கோராக இருக்கும் ஃபைபர். செய்யும் விதத்தில் கைவேலை நிறைய, கண்ணாடிக் குழாய்களைக் கையால் ஒவ்வொன்றாக அறுகோணமாக அடுக்கி, கட்டி, கோபுரத்தின் உச்சியில் உள்ள உலையில் 2000 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இளக்கி, கீழே இழுப்பார்கள். அடுக்கிய வடிவம் அப்படியே சுருங்கி இழைக்குள் வரும்.

இந்தத் துளைகள் எதற்கு? வடிவமைக்கும் சுதந்திரத்துக்கு. துளைகளை ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் சிறிதாக வைத்தால் ஃபைபருக்கு இரட்டை விலகல் வந்துவிடும், அதாவது ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் இரண்டாகிவிடும், அதில் எழுதிய பிராக் கீற்றணி ஒன்றுக்குப் பதில் இரண்டு அலைநீளங்களைத் திருப்பி அனுப்பும். சூடானால் இரண்டும் சேர்ந்து நகரும், நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய மாறாது. வெளியில் இருந்து அழுத்தினால் இடைவெளி மாறும். வெயில் தானாகக் கழிந்துவிட்டது! தொலைத்தொடர்பில் இதே இரட்டை விலகலுக்காக வேறு கலவைக் கண்ணாடித் தண்டுகளைக் கோருக்கு இருபுறமும் பதிப்பார்கள், அவை சூட்டுக்கு விரியும் அளவு வேறு என்பதால் அங்கே இடைவெளியும் சூட்டோடு ஆடும். முழுக்க ஒரே தூய சிலிக்காவும் காற்றும் என்றால் அந்தத் தொல்லை மிகவும் குறைகிறது. ஆனால் கடலூர் தேவனாம்பட்டினம் கடலில் பத்து மீட்டர் ஆழத்தில் இதைப் போட்டு அலையை அளக்கலாம் என்று நினைக்காதீர்கள், பத்து மீட்டர் தண்ணீர் ஒரு வளிமண்டலம்தான், வெறும் ஃபைபரில் அது சில பிக்கோமீட்டர்தான் நகர்த்தும். ஆயிரக்கணக்கான மீட்டர் எண்ணெய்க் கிணறுக்கு இது பொருத்தம், அங்கே அழுத்தமும் அதிகம், சூடும் அதிகம்.

எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது காற்றுக்கோர் ஃபைபர். ஒளியும் வாயுவும் ஒரே துளைக்குள், மீட்டர் கணக்கில் சேர்ந்து ஓடுகின்றன. ஒவ்வொரு வாயுவுக்கும் அது விழுங்கும் அலைநீளம் தனி, அசிட்டிலீனுக்கு 1530 நானோமீட்டர் பக்கம், மீத்தேனுக்கு 1650, அமோனியாவுக்கு 1512. அந்த அலைநீளத்தில் மட்டும் ஒளி குறைந்தால் வாயு இருக்கிறது என்று அர்த்தம், வெயிலோ பாரமோ அப்படி ஒரு குறைவைப் போலியாக உண்டாக்க முடியாது. கோர் 10 மைக்ரான் என்றால் பத்து மீட்டர் ஃபைபருக்குள் நிற்கும் வாயு ஒரு மைக்ரோலிட்டர்கூட இல்லை, ஆனால் ஒளி அதற்குள் பத்து மீட்டர் பயணம் செய்கிறது. கடலூர் முதுநகருக்குத் தெற்கே ரசாயனத் தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் சாலையில் வசிப்பவர்களுக்கு இன்றைக்கும் முதல் சென்சார் அவர்கள் மூக்கு. கிராமத்து எல்லையில் ஒரு கம்பத்தில் இருந்து இன்னொரு கம்பத்துக்கு மின்சாரமே இல்லாத, தீப்பொறி வர வழியே இல்லாத ஒரு கண்ணாடி இழை, எந்த வாயு எவ்வளவு என்று ஊராருக்கே எண்ணாகச் சொல்ல வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

தடை எங்கே என்றால், வாயு உள்ளே போவதில். முனை வழியாகத் தானாகப் பரவி ஒரு மீட்டரை நிரப்ப மணிக்கணக்கு ஆகும், கசிவை எச்சரிக்க அது உதவாது. மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் ஃபெம்டோசெகண்ட் லேசரால் பக்கவாட்டில் சிறு சிறு வாசல்கள் வெட்டுகிறார்கள். வாசல் திறந்தால் நம் ஊர் உப்புக்காற்றும் ஈரமும் தூசியும் அதே வழியில் வரும். துளை ஃபைபரைக் கையில் எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கிளீவ் செய்த முனையைப் பழக்கதோஷத்தில் ஆல்கஹாலில் துடைத்தால் துளைகள் நுண்புழை ஏற்றத்தால் திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் அந்த முனையை வெட்டித்தான் எறிய வேண்டும். ஸ்ப்ளைஸ் செய்யும்போதும் வழக்கமான ஆர்க், அதாவது உருக்கும் மின்பொறி, கொடுத்தால் முனைத் துளைகள் உருகி மூடிக்கொள்ளும், நேரத்தையும் சக்தியையும் குறைத்துப் பழக வேண்டும்.

நான் இப்போது மாணவர்களுக்குக் கொடுத்திருக்கும் வேலைகள் இரண்டு. முதலாவதுக்கு எந்த விசேஷ ஃபைபரும் வேண்டாம். ஒரு அலுமினியப் பட்டையின் மேலும் கீழும் ஒவ்வொரு கீற்றணியை ஒட்டி, மே மாத மதியத்தில் மொட்டை மாடியில் வைத்து, நுனியில் எடை தொங்கவிட்டு, எடையைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, வரைபடத்தை மட்டும் பார்த்து எடையைக் கண்டுபிடிக்கச் சொல்வது. மேல்பக்கம் வெயிலில் கீழ்ப்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும், கழித்தல் அங்கேதான் ஏமாற்றும், அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். இரண்டாவது, பக்கவாட்டில் வாசல் வெட்டிய காற்றுக்கோர் ஃபைபர் ஒன்றைக் கடற்கரைக்கு அருகில் ஒரு பெட்டியில் வைத்து, அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை முழுக்க, வாராவாரம் ஒளி இழப்பை அளப்பது, பாதி வாசல்களுக்கு மெல்லிய சவ்வு போட்டு, பாதியை அப்படியே விட்டு. முதல் வேலை தொடங்கிவிட்டது. இரண்டாவதுக்கு ஃபைபர் கையில் இல்லை. கொல்கத்தாவில் மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிறப்பு ஃபைபர் இழுக்கும் வசதி இருக்கிறது, அங்கே எழுதப்போகிறோம். இதைப் படிப்பவர்களில் யாருடைய ஆய்வகத்திலாவது காற்றுக்கோர் ஃபைபரின் மிச்சத் துண்டு, ஐந்து மீட்டர் இருந்தாலும் போதும், சும்மா கிடந்தால் சொல்லுங்கள், முனைகளை மூடி வைத்தது என்றால் இன்னும் நல்லது.